பாம்பு பிடிக்கத் தெரியாத இருளர்

"பாம்பு பிடிப்பியா?" என்று அதிகாரி கேட்டதும் பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பாம்பு, எலி பிடிப்பதற்குப் பேர்போன இருளர் பழங்குடியில் பிறந்தவன், பத்தாவது முடித்துவிட்டு எஸ்.டி. (பழங்குடி) சான்றுக்கு அலைகிறவன். "பயம் சார்" என்றான். கோப்பு மூடப்பட்டது.

விழுப்புரம் பக்கத்தில் ஒரு கோட்டாட்சியர் அலுவலகம், ஊர் வேண்டாம். மானிடவியல் படித்தவன் என்பதால் இந்த மாதிரி விசாரணைக்குக் குடும்பங்கள் என்னைத் துணைக்குக் கூப்பிடுவார்கள். பாம்பு இல்லையென்றால் எலி, எலி இல்லையென்றால் "உங்க பாஷையில ரெண்டு வார்த்தை பேசு". நீலகிரி, கோவைப் பக்கத்து இருளர்களுக்குத் தனிமொழி உண்டு, சமவெளி இருளர் பேசுவது தமிழ்தான், இதைச் சொன்னால் "அப்போ இவங்க இருளர் இல்லையே" என்கிறார்கள்!

வேடிக்கை என்னவென்றால், பாம்புத்தோலை நம்பிப் பிழைத்தவர்களை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து நிறுத்தியதே அரசுதான். இன்றைக்கு அனுமதி இல்லாமல் ஒரு நல்ல பாம்பைப் பிடித்தால் வனத்துறை கேஸ் போடும். வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, விஷமுறிவு மருந்துக்குப் பெரும்பாலும் அங்கிருந்துதான் விஷம் போகிறது, 2023-ல் பாம்பு பிடிக்கிற மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது, எல்லாம் சரி. ஆனால் 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு இருளர் ஏறக்குறைய 1.9 லட்சம் பேர். அதில் பெரும்பாலோர் செங்கல் சூளையிலும் சவுக்குத் தோப்பிலும் கரிமூட்டத்திலும் கிடக்கிறவர்கள். இந்தப் பையனின் அப்பா மரம் வெட்டுகிறார்.

இதில் எங்கள் துறைக்கும் பங்கு உண்டு, மறைக்க முடியாது. நூறு வருஷத்துக்கு முன்பு மூக்கை அளந்து, சாமியையும் சடங்கையும் பட்டியல் போட்டு வைத்தவர்கள் நாங்கள்தான். 1965-ல் எஸ்.சி., எஸ்.டி. பட்டியல்களைத் திருத்த மத்திய அரசு அமைத்த லோகூர் குழு பழங்குடிக்குச் சொன்ன அடையாளங்களில் 'ஆதிகாலப் பண்புகள்', 'வெளியாரோடு பழகக் கூச்சம்' எல்லாம் உண்டு. போலிச் சான்றைப் பிடிப்பதற்காக உச்ச நீதிமன்றம் 1994-ல் மாதுரி பாட்டீல் வழக்கில் சாமி, கல்யாணம், சாவுச் சடங்கு வரைக்கும் விசாரிக்கச் சொன்னது. நோக்கம் நியாயம்தான், போலிகள் நிஜமாகவே இருந்தார்கள். அதற்கான விலையைக் கொடுப்பது சூளையில் பிறந்த பிள்ளைகள். 2023 மார்ச்சில் அதே நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, இந்தப் பண்பாட்டுச் சோதனையை மட்டும் உரைகல்லாக வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. பழைய ஆவணத்துக்கும், தகப்பன் வழி ரத்த உறவினர் பெற்ற உறுதிப்பட்ட சான்றுக்கும்தான் எடை அதிகம். கீழே இருக்கிற மேசைகளுக்கு இந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

இன்னொரு தப்புக் கணக்கு மதம். சர்ச்சுக்குப் போகிற குடும்பம் என்றால் "எஸ்.டி. போயிடுச்சு" என்கிறார்கள். போகாது. மதத்தை வைத்து வரம்பு கட்டுவது எஸ்.சி. ஆணையில், எஸ்.டி.க்கு அப்படி எதுவும் கிடையாது. இந்தக் குடும்பத்திலேயே ஒரு சித்தி ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போகிறவர், மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்கும் தவறாமல் போகிறவர். அங்கே மணலில் படி கட்டி கன்னியம்மனைக் கும்பிட்டு, விடியற்காலையில் கல்யாணம்கூட நடக்கும். விண்ணப்பத்தில் அதற்கெல்லாம் கட்டம் இல்லை.

சரி, அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். பழைய ஆவணம் என்று கேட்டால் இவர்களிடம் என்ன இருக்கும்? பட்டா இல்லை, தாத்தா பள்ளிக்கூடம் போனதில்லை. அதனால் எங்கள் துறையின் பழைய ஆயுதத்தையே எடுத்தேன், வம்சாவளி வரைபடம். ஆயா தரையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினேன். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம். யாருடைய அண்ணன் தம்பி எங்கே குடிபோனார்கள், எங்கே பெண் எடுத்தார்கள், எங்கே கொடுத்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் நாலு தலைமுறை, 61 பேர். அதில் தாத்தாவின் தம்பி மகன் ஒருவர் திண்டிவனம் பக்கத்தில் எஸ்.டி. சான்று வாங்கியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. ஒரு கிளை புதுச்சேரி எல்லைக்குள் இருக்கிறது. அங்கே 2016 வரை இருளருக்கு எஸ்.டி. பட்டியலிலேயே இடம் இல்லை. ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள்தான், கோட்டுக்கு அந்தப் பக்கம் போனால் அதுவரை பழங்குடி இல்லை!

இந்த வேலைக்கு என்னைப் போன்ற ஆள் தேவையே இல்லை. வீட்டிலேயே பெரியவர் இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள், உறவில் யாரிடம் சான்று இருக்கிறதோ அதன் நகலைச் சேர்த்து மனுவோடு கொடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாக மறுத்தால் மேல்முறையீட்டுக்குப் பிடி இருக்காது.

இரண்டாவது முறை போனபோது அதிகாரி அந்தப் படத்தை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாம்பு பற்றிக் கேட்கவில்லை. ஏழு வாரத்தில் சான்று வந்தது. வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் பையனின் அம்மா அந்த வரைபடத் தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தபடி கேட்டார், "சின்னவனுக்கும் இதையே காட்டலாமா சார், இல்ல அவனுக்கு வேற வரையணுமா?"