குனிகிறவர் கையில் சாவி இருக்கட்டும்

கொழும்பில் மைதானம், பூங்கா பராமரிக்கும் வேலையில் 18 வருடமாக இருக்கிறேன். ட்ராக்டரின் பின்னால் இலை வாரும் பெரிய இரும்பு வாரியான ரேக்கைப் பூட்டப்போய் நசுங்கிய கைகளை இதுவரை நான்கு தடவை பார்த்துவிட்டேன். நான்கு தடவையும் வண்டி நகர்ந்தது ஒரு சாண்கூட இருக்காது.

கடைசியாக நடந்தது போன ஒக்டோபரில். இரவெல்லாம் மழை, விடிந்து பார்த்தால் மைதானம் முழுக்க இலையும் சுள்ளியும், பத்து மணிக்கு மேட்ச். வேலைக்கு வந்து இரண்டு மாதமான ஒரு பையன் ரேக்குக்கும் பின் டயருக்கும் நடுவில் குந்தியிருந்து "அண்ணே, இன்னும் கொஞ்சம் பின்னுக்கு" என்கிறான், வெளியே நின்ற இன்னொருவர் "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் 'சரி, சரி' சொல்லிக் கை காட்டுகிறார். ரேக்கில் இருக்கும் இரண்டு தகட்டுக்கு நடுவில் ட்ராக்டரின் கீழ்க்கையிலுள்ள (பின்னால் இரு பக்கமும் நீண்டு ரேக்கைத் தூக்கும் இரும்புக் கை) துளையுள்ள உருண்டை வந்து உட்கார வேண்டும், மூன்று துளையும் நேரானால்தான் அவற்றைக் கோக்கும் இரும்பு முளையான 'பின்' உள்ளே போகும். நேராகிவிட்டதா என்று பையன் ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்தான். சாரதியின் ஈரச் செருப்பு கிளட்சிலிருந்து வழுக்கியது. அவ்வளவுதான், விரல் நுனி போய்விட்டது.

அதனால் சொல்கிறேன், வண்டி பின்னுக்கு வரும்போது நடுவில் யாருமே நிற்கக்கூடாது. கிட்டத்தில் கொண்டுவந்து நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, எஞ்சினை நிறுத்திய பிறகுதான் இறங்க வேண்டும். இரண்டு விரற்கடை விலகி நின்றால் வண்டியை மறுபடி அசைக்காதீர்கள், அலவாங்கால் (கடப்பாரையால்) ரேக்கை நெம்பி நகர்த்துங்கள். முதலில் ட்ராக்டரின் இடது கீழ்க்கையைப் பூட்டுங்கள், அப்புறம் வலது, கடைசியில் நடுவில் மேலே உள்ள, நீட்டிக் குறுக்கக்கூடிய டாப் லிங்க் என்ற தண்டு. வலது பக்கத்தைத் தூக்க இறக்க ஒரு சுழற்றி இருப்பதால் அதைத் துளைக்கு நேராகக் கொண்டுவருவது சுலபம், இடது பக்கம் பெரும்பாலும் அப்படி இல்லை. அந்த 'பின்'னைப் போட்டதும், அது கழன்றுவிடாமல் பிடிக்கும் வளையம் வைத்த லிஞ்ச் பின்னைக் கட்டாயம் மாட்டுங்கள். ஆணியும் கட்டுக்கம்பியும் அதற்குப் பதில் ஆகாது, குலுக்கலில் அறுந்து நடு வீதியில் ரேக் ஒரு பக்கம் தொங்கியதைக் கண்டிருக்கிறேன்.

சரி, பூட்டியாயிற்று. சரிபார்ப்பதைப் புல்லில் செய்யாமல் சிமெந்துத் தரையில் செய்யுங்கள். ரேக்கை இறக்கி, இரண்டு ஓரப் பற்களும் ஒரே நேரத்தில் தரையைத் தொடுகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அந்த வலது சுழற்றிதான் மருந்து. டாப் லிங்கைக் குறுக்கினால் பற்களின் நுனி கீழ்நோக்கித் திரும்பி மண்ணைக் குத்தும், நீட்டினால் பல்லின் வளைவு தரையில் வழுக்கிக்கொண்டு இலையை மட்டும் வாரும். மழை ஊறிய மைதானத்தில் குறுக்கி வைத்து ஓட்டினீர்களென்றால் புல் வேரோடு வந்துவிடும், அந்தத் தழும்பு மாறப் பல வாரம் எடுக்கும். நான் நீட்டித்தான் தொடங்குவேன், ஐந்து மீட்டர் ஓட்டி இறங்கிப் பார்த்து, தேவையென்றால் ஒரு சுற்று குறுக்குவேன். பிறகு டாப் லிங்கின் லாக் நட்டை இறுக்க மறந்துவிடாதீர்கள், ஓட ஓட அது தானாகச் சுழன்று நீங்கள் வைத்த அளவெல்லாம் போய்விடும். கீழ்க்கைகள் பக்கவாட்டில் அலையாமல் பிடிக்கும் பக்கச் சங்கிலிகளில் கொஞ்சம் ஆட்டம் இருக்கலாம், ஆனால் கீழ்க்கை டயரில் உரசக்கூடாது.

திரும்பும்போதும் பின்னுக்கு எடுக்கும்போதும் ரேக்கைத் தூக்கிவிடுங்கள். பற்கள் முன்னோக்கி வளைந்தவை, இறக்கியபடி ரிவர்ஸ் போட்டால் பல்லோ சட்டமோ கோணிவிடும். பல் மாற்றுவதென்றால் ஹைட்ரோலிக்கை நம்பி அடியில் போகாதீர்கள். சட்டத்துக்குக் கீழே மரக்குற்றி வைத்து, பாரத்தை அதில் இறக்கிவிட்டு வேலை செய்யுங்கள். வேலை முடிந்து நிறுத்தும்போது ரேக் தரையில்தான் இருக்க வேண்டும்.

பையன் ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தான். இப்போது எங்கள் இடத்தில் எஞ்சின் நின்றதும் சாரதி சாவியைக் கழற்றி, குனியப் போகிறவர் கையில் கொடுக்கிறார். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் அலவாங்கையே எடுக்கிறார்.