ஜி.பி.எஸ். மாட்யூல்: இடங்காண் வாங்கிக்கூறு

டிரோன், கைக்கடிகாரம், வண்டியில் பொருத்தும் டிராக்கர் எல்லாவற்றிலும் நகத்தின் அளவே உள்ள ஒரு சிறு பாகம் இருக்கிறது. நாம் அதை 'ஜி.பி.எஸ். மாட்யூல்' என்கிறோம். பெயர் பழகிவிட்டது, ஆனால் பொருத்தமாக இல்லை. ஜி.பி.எஸ். என்பது செயற்கைக்கோள்களைக் கொண்டு இடங்காட்டும் அமெரிக்காவின் அமைப்பு. இன்றைய மாட்யூல்கள் பலவும் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்தோ ஆகியவற்றின் குறிகைகளையும் (சிக்னல்) எடுத்துக்கொள்கின்றன.

இதைவிடப் பெரிய குறை, 'ஜி.பி.எஸ். ரிசீவர் மாட்யூல்' என்ற முழுப் பெயரிலிருந்து, வாங்கி என்று பொருள்படும் 'ரிசீவர்' பேச்சில் உதிர்ந்துபோனது. அதனால்தான் இந்தப் பாகம் நம் இருப்பிடத்தைச் செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறது என்று பலர் நம்புகிறார்கள். அது எதையும் அனுப்புவதில்லை, வாங்க மட்டுமே செய்கிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் நேரக்குறிப்புகளை வாங்கி, அவை வந்துசேர எடுத்த நேரத்திலிருந்து தூரத்தைக் கணக்கிட்டு, தன் இடத்தைத் தானே கண்டுபிடிக்கிறது. இந்தக் கணக்கில் ஒரு மைக்ரோவினாடி பிசகினால் தூரம் 300 மீட்டர் மாறிவிடும். கண்டுபிடித்த இடத்தை வேறொருவருக்குத் தெரிவிக்க, சிம் போட்ட மோடம் போன்ற ஒன்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

'மாட்யூல்' லத்தீனின் 'மோடுலுஸ்' என்பதிலிருந்து வந்தது. சிறு அளவு என்று பொருள். பழைய ரோமானியக் கட்டடக் கலையில், மற்ற பாகங்களின் அளவைத் தீர்மானிக்கும் அடிப்படை அலகு அது. பின்னாளில், தனியே செய்து அப்படியே பொருத்தக்கூடிய பகுதிக்கும் அதுவே பெயரானது. இங்கேயும் அதேதான்: சிப், அலையியற்றி (ஆசிலேட்டர்), வடிகட்டி (ஃபில்டர்) எல்லாம் ஓர் உலோக மூடிக்குள் தயாராக இருக்கும். மின்சாரமும் ஆன்டெனாவும் கொடுத்தால், தொடர்வழி (சீரியல்) இணைப்பில் இடமும் நேரமும் எழுத்து வரிகளாக வரும்.

சரி, தமிழில்? 'தொகுதி' எனலாம், ஆனால் அது முழு அமைப்பையும் குறித்துவிடும். முழுமையின் ஒரு பங்கைச் சொல்ல 'கூறு' போதும். ரிசீவருக்கு 'அலைவாங்கி' நல்ல சொல்தான், ஆனால் ஆன்டெனாவையும் அப்படியே அழைக்கிறார்கள். 'ஏற்பி'யை உயிரியல் எடுத்துக்கொண்டது. ஆகவே 'இடங்காண் வாங்கிக்கூறு' என்பதே என் தேர்வு. செய்யும் வேலை பெயரிலேயே இருக்கிறது.

பயன்பாடு: "வாங்கிக்கூறின் ஆன்டெனாவை உலோகப் பெட்டிக்குள் மூடிவிடாதீர்கள். வந்துசேரும் குறிகை மிக மெலிந்தது, ஆன்டெனா வானம் பார்த்தே இருக்க வேண்டும்."