"எங்க ரத்தத்திலேயே இருக்கு டாக்டர்"

தெற்கு லண்டனில் என்னிடம் வருபவர்களில் ஜமைக்கா, பார்படோஸ் போன்ற கரீபியத் தீவுகளின் வழி வந்த ஆப்பிரிக்க வம்சாவளியினர் நிறைய. சென்ற ஆண்டு வந்த ஓர் அம்மாவுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. பிரஷர் 172/104. கையில் சுற்றிய பட்டையைக் கழற்றும்போது, "எங்கம்மாவுக்கும் இருந்தது, பாட்டிக்கும் இருந்தது. எங்க ரத்தத்திலேயே இருக்கு டாக்டர்" என்றார். ராமிப்ரில் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிட்டாராம். வறட்டு இருமல்தான் வந்தது, பிரஷர் இறங்கவில்லை. சரி, எதற்கு என்று நிறுத்திவிட்டார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலருக்குச் சிறுநீரகம் உப்பை எளிதில் வெளியே விடுவதில்லை. உப்பு தங்கினால் தண்ணீரும் தங்கும், அழுத்தம் ஏறும், அழுத்தத்தை ஏற்ற உதவும் ரெனின் என்ற சுரப்பு தாழ்ந்துவிடும். ராமிப்ரில் வேலை செய்வதோ ரெனின் போகும் வழியில்! தனியாகக் கொடுத்தால் அதற்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. அதனால்தான் சர்க்கரை நோய் இல்லாத ஆப்பிரிக்க, கரீபிய வம்சாவளியினருக்கு எந்த வயதிலும், ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் ஆம்லோடிபின் வகை மாத்திரையில் தொடங்கச் சொல்கிறது பிரிட்டன் வழிகாட்டுதல். ஆனால் மாத்திரையை நீங்களாக மாற்றாதீர்கள்.

பிரஷருக்கென்று ஒற்றை மரபணு கிடையாது; சின்னச் சின்னதாய் நூற்றுக்கணக்கில் சேர்கின்றன. சிறுநீரக விஷயத்தில் மட்டும் ஒன்று தனித்துத் தெரிகிறது: 2010-இல் அடையாளம் கண்ட, ஏபிஓஎல்1 (APOL1) என்ற மரபணுவின் மாற்றங்கள். ஈ கடித்துப் பரவும் ஆப்பிரிக்கத் தூக்க நோயிலிருந்து காப்பாற்றியவை அவை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால் சிறுநீரகம் கெடும் ஆபத்து கூடுகிறது. அந்த அம்மாவின் தாய் டயாலிசிஸில் இருந்தவர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. உடனே சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்தேன்.

மீதிப் பாதி ரத்தத்தில் இல்லை. 1997-இல் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ரிச்சர்ட் கூப்பர் குழு வெளியிட்ட ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் நைஜீரியா, கேமரூனில் 16 சதவீதம், கரீபியத் தீவுகளில் 26, அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் 33. வேர் ஒன்றுதான். உடல் எடையும் உப்பும் வாழ்க்கையும்தான் வழியில் மாறின. அதே குழுவின் பிந்தைய ஒப்பீட்டில் ஜெர்மானியர்கள் எல்லோரையும் மிஞ்சியிருந்தார்கள். அவர்களை யாரும் "ரத்தத்தில் இருக்கு" என்று சொல்வதில்லை.

அந்த அம்மாவிடம் உப்புக்கருவாட்டை விடச் சொல்லவில்லை; அது அவர் ஊர்ச் சாப்பாடு. இரவு முழுக்க ஊற வைத்து, தண்ணீரை மாற்றி, வேக வைத்த நீரையும் கொட்டச் சொன்னேன். ஆம்லோடிபின் தொடங்கினோம்.

ஆறு வாரத்தில் 138/86. கூடவே மகனையும் அழைத்து வந்திருந்தார். 24 வயது, இதுவரை பிரஷரே பார்த்ததில்லையாம். அன்று அவருக்கு 148/94.