பாம்பு தன் விஷத்தை எங்கே வைத்திருக்கிறது?

நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை என்று கேரள எல்லையை ஒட்டிய எங்கள் பக்கத்தில் நாகமாணிக்கக் கதை கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. யாரையும் கடிக்காத நல்ல பாம்புக்கு வருஷக்கணக்கில் விஷம் சேர்ந்து, கெட்டிப்பட்டு, கடைசியில் ஒளிவிடும் கல்லாகிவிடுமாம். இதை நம்பிப் பணத்தைத் தொலைத்தவர்களும் உண்டு. கல் கிடக்கட்டும். விஷம் அப்படிச் சேர்ந்துகொண்டே போகுமா? போகாது. சுரப்பி நிறைந்ததும் உற்பத்தி தணிந்துவிடும்.

அந்தச் சுரப்பி கண்ணுக்குப் பின்னால், மேல்தாடையின் இரு பக்கமும் இருக்கிறது. எச்சில் சுரப்பிக்கு உறவுதான்; வாயில் இருந்த சாதாரணச் சுரப்பி பரிணாமத்தில் இப்படி மாறியிருக்கிறது. அதன் உள்சுவரில் இருக்கும் செல்கள் புரதங்களைத் தயாரித்து, நடுவில் உள்ள அறைக்குள் சுரக்கின்றன. கண்ணாடி விரியனுக்கு அந்த அறை விசாலமானது. நல்ல பாம்புக்கு இடுக்கானது. அதனால் கணிசமான விஷம் செல்களுக்குள்ளேயே நுண்மணிகளாகத் தங்கியிருக்கும். கடிக்கும்போது தாடைத் தசை சுரப்பியை அழுத்த, விஷம் குழாய் வழியாகப் பல்லுக்கு வருகிறது. கொல்லையில் திரியும் பச்சைப் பாம்புக்கு இந்தச் சேமிப்பறையும் இல்லை, அழுத்தும் தசையும் இல்லை. இரையைக் கவ்விக்கொண்டு மெதுவாகத்தான் விஷத்தை உள்ளே இறக்க வேண்டும்.

சரி, சதையைக் கரைக்கிற சரக்கைச் சதையாலான பைக்குள் எப்படி வைத்திருக்கிறது? எனக்கு இதுதான் இந்த விஷயத்திலேயே அழகான பகுதி.

விரியன் விஷத்தில் பாதிக்கு மேல் நொதிகள். சுரப்பிக்குள் அவை கிட்டத்தட்ட உறங்குகின்றன. காரணம் ஒன்றல்ல. உள்ளே இருக்கும் திரவம் லேசான அமிலம். விரியன் குடும்பத்தைச் சேர்ந்த அமெரிக்கக் கிலுகிலுப்பைப் பாம்புகளில் அளந்தபோது அமில-கார அளவு (pH) 5.4 அளவில் இருந்தது. அந்த நிலையில் பல நொதிகள் மந்தமாகிவிடும். அமிலத்தைச் சுரப்பதற்கென்றே தனிச் செல்கள் இருக்கின்றன, நம் இரைப்பையில் இருப்பது மாதிரி. அப்புறம் சிட்ரேட். எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலத்தின் உப்புதான். அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. செல் சவ்வுகளை உடைக்கும் பாஸ்போலிபேஸ் நொதிக்குக் கால்சியம் இல்லாமல் வேலை ஓடாது. ரத்தக்குழாய்ச் சுவரைச் சிதைக்கும் இன்னொரு வகை நொதியின் வாயைப் பெப்டைடுகள் என்ற குட்டிப் புரதத் துணுக்குகள் அடைத்து நிற்கின்றன. கடிபட்ட உடம்பில் இத்தனை கட்டும் ஒரே நேரத்தில் அவிழ்கிறது. நம் ரத்தத்தின் அமில-கார அளவு 7.4, கால்சியத்துக்கும் பஞ்சமில்லை, விஷம் நீர்த்துப்போவதால் அந்தப் பெப்டைடுகளும் விலகிவிடுகின்றன.

செலவான விஷம் ஊறுவதற்கு நாளாகும். சுரப்பி காலியானதும் நரம்பு வழியாக நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் சமிக்ஞையாக வருகிறது. தட்டையாகக் கிடந்த செல்கள் நெட்டையாக வளர்ந்து மும்முரமாகப் புரதம் செய்கின்றன. முதல் வாரத்தில்தான் வேகம் அதிகம். முழுசாக நிறையச் சில வாரங்கள் ஆகும். ரப்பர் மரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் பால் வெட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் பிடிபடும். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலும், பாம்பைச் சில வாரம் வைத்திருந்து இடைவெளி விட்டுத்தான் விஷம் எடுக்கிறார்கள். பிறகு காட்டில் விட்டுவிடுகிறார்கள்.

இதை வைத்து, ஒருவரைக் கடித்த பாம்பிடம் அதற்கப்புறம் விஷம் இருக்காது என்று முடிவுகட்டக் கூடாது. ஒரு கடியில் மொத்தமும் தீர்வதில்லை. சில கடியில் விஷமே இறங்காது. அடுத்த கடியில் தாராளமாக இறங்கும். வெட்டிப்போட்ட தலைகூடக் கொஞ்ச நேரம் கடிக்கும், சுரப்பி அதில்தானே இருக்கிறது.

எடுத்த விஷத்தை உலர்த்திப் பொடியாக்கினால் வருஷக்கணக்கில் வீரியம் குறையாது. அதைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்துதான் நம் ஆஸ்பத்திரிகளில் போடும் மருந்து வருகிறது. அது நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. எல்லைக்கு இருபுறமும் ரப்பர், ஏலத் தோட்டச் சருகுக்குள் கிடக்கும், மூக்கு நுனி மேல்நோக்கி நிமிர்ந்த சின்னக் குழிவிரியன் அந்தப் பட்டியலில் இல்லை. அதன் விஷத்தை இந்த மருந்து முறிக்காது. ரத்தம் உறைகிறதா, சிறுநீரகம் தாங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் டாக்டர்கள் சிகிச்சை தருகிறார்கள்.