மணல் காடாகிற பாதை

மிச்சிகன் ஏரியின் தென்முனையில், சிகாகோவிலிருந்து காரில் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம், இண்டியானா டூன்ஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. கோடையில் அங்கே போகிற குடும்பங்கள் பெரும்பாலும் கரையில் குளித்து, கொண்டுபோன எலுமிச்சை சாதத்தை நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கார் முழுக்க மணலோடு வீடு திரும்பிவிடும். நாங்களும் இரண்டு கோடைகள் அப்படித்தான் திரும்பினோம். மூன்றாவது தடவைதான் வெஸ்ட் பீச் பகுதியில் மரப்படிகளில் ஏறி இறங்கும் ட்ரெயிலில் நடந்தேன். ஏறக்குறைய ஒரு மைல் நீளம்தான். அந்த ஒரு மைலுக்குள் வெறும் மணல், அப்புறம் புல், அப்புறம் பைன், அதற்கும் அப்பால் ஓக் காடு என்று வரிசை மாறாமல் வந்துகொண்டே இருந்ததைப் பார்த்தபோது, இதை யாரோ திட்டம் போட்டு நட்டிருப்பார்கள் என்றே நினைத்தேன்.

யாரும் நடவில்லை. தண்ணீருக்குப் பக்கத்தில் இருப்பது வயதில் சின்ன நிலம், உள்ளே போகப் போக நிலத்துக்கு வயது கூடுகிறது, அவ்வளவுதான். 1890களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஹென்றி சாண்ட்லர் கௌல்ஸ் இந்த மணல் மேடுகளில் திரும்பத் திரும்ப நடந்து இதைக் கண்டுகொண்டார். ஒரு காடு உருவாவதைப் பார்க்க நூறு ஆண்டுகள் ஒரே இடத்தில் காத்திருக்க மனிதனால் முடியாது, ஆனால் கரையிலிருந்து உள்ளே ஒரு மைல் நடந்தால் அந்த நூறு ஆண்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. 1899-இல் அவர் வெளியிட்ட ஆய்வு அமெரிக்கச் சூழலியலுக்கு அடித்தளங்களில் ஒன்றானது. பிளஸ் டூ தாவரவியலில் 'தாவர வழிமுறை வளர்ச்சி' என்று மனப்பாடம் செய்தோமே, அது வளர்ந்த தொட்டில்களில் ஒன்று இந்தக் கரை.

சரி, ஒரு ஏரிக்கரையில் இவ்வளவு மணல் எங்கிருந்து வந்தது? ஏரி என்றதும் நம்மூர்க் கண்மாயை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது வடக்குத் தெற்காக 300 மைல் நீளம், எதிர்க்கரை தெரியாது, கடல் போலவே அலை அடிக்கும், வாயில் பட்டால்தான் உப்பில்லை என்பது தெரியும். பனியுகத்தில் இங்கே நகர்ந்த பனிப்பாறைகள் பாறைகளை அரைத்துத் தள்ளி, நிலத்தைப் பள்ளமாக்கின. பனி உருகிப் பின்வாங்கியபோது அந்தப் பள்ளத்தில் தேங்கிய நீர்தான் இந்த ஏரி. கரைகளை அலை அரித்து எடுக்கும் மணலைக் கரையோர நீரோட்டம் தெற்கே கொண்டுவந்து சேர்க்கிறது, வடக்கிலிருந்து நீர்ப்பரப்பின் மேல் தடையில்லாமல் ஓடிவரும் காற்று அதைக் கரைமேல் ஏற்றுகிறது.

காய்ந்த மணல் பறந்து போகிறது என்று நினைப்போம், உண்மையில் அது தத்தித் தத்தித்தான் போகிறது. காற்று ஒரு மணியைத் தூக்கிப் போட, அது விழுகிற வேகத்தில் இன்னும் நாலு மணிகளைக் கிளப்பிவிடும். காற்றுள்ள நாளில் வெறுங்காலோடு கரையில் நின்றால் கணுக்காலில் ஊசி குத்துவது போல இருக்கும், முழங்காலுக்கு மேலே ஒன்றும் தெரியாது. அதனால்தான் ஒரு சாண் உயரப் புல்கூட மணலை நிறுத்திவிட முடிகிறது.

அந்தப் புல்லின் பெயர் மாரம். படிகளின் ஓரத்தில் குனிந்து பார்த்தால், ஒவ்வொரு தூரையும் சுற்றி மணலில் காம்பஸ் வைத்துப் போட்டது போல அரைவட்டக் கோடு இருக்கும். காற்றில் வளைந்த இலையின் நுனி அங்குமிங்கும் ஆடி வரைந்த கோடு அது. இரண்டு மூன்று தூர்கள் நேர்வரிசையில் நிற்பதும் கண்ணில் படும், அருகம்புல்லைப் போல மண்ணுக்கடியில் படுக்கையாக ஓடும் ஒரே தண்டிலிருந்து கிளம்பியவை அவை. பெரும்பாலான செடிகளை மணலில் புதைத்தால் செத்துவிடும். மாரம் புல்லுக்குப் புதைவதுதான் தீனி. மேலே மணல் விழ விழ அது நிமிர்ந்து வளர்ந்து, புதிய மட்டத்தில் புதிய வேர் விட்டு, அடியில் ஒரு வலையைப் பின்னிவிடுகிறது. நம்மூர்க் கடற்கரையில் இந்த வேலையைச் சங்கப் பாடல்களில் வரும் அடம்பும் முள்முள்ளாக நிற்கும் இராவணன் மீசையும் செய்கின்றன. ஒரு வித்தியாசம், அங்கே உப்புக்காற்று இலைகளைக் கருக்கிவிடும், மரம் கரையை நெருங்கத் தயங்கும். இங்கே உப்பு இல்லாததால் பைனும் ஓக்கும் அலையோசை கேட்கிற தூரம்வரை வந்து நிற்கின்றன.

காட்டன்வுட் மரத்தையும் சொல்லியாக வேண்டும். மேட்டின் சரிவில் ஆளுயரத்தில் ஏழெட்டுச் சின்ன மரங்கள் கொத்தாக நிற்கும், அவை பெரும்பாலும் ஒரே பெரிய மரத்தின் தலைக்கிளைகள். உடம்பு முழுக்க மணலுக்குள் இருக்கும். புதைந்த தண்டிலிருந்தே புதிதாக வேர் விட்டுக்கொள்ளும் மரம் இது.

இதில் என்னை அதிகம் பாதித்தது மாரம் புல்லின் முடிவு. மணலைப் பிடித்து நிறுத்துவதில் அது ஜெயித்துவிட்டால், அதன்மேல் புது மணல் விழுவது நின்றுபோகிறது. தீனி நின்ற புல் மெலிந்து, இடைவெளி விட்டு, மெல்ல மறைகிறது. அந்த இடைவெளியில் வேறு புற்கள், காட்டுச் செர்ரிப் புதர்கள், படரும் ஜூனிப்பர், பிறகு ஜாக் பைன் என்று வருகின்றன. உதிர்ந்த ஊசியிலைகள் மக்கி மணலுக்கு முதன்முதலாகக் கொஞ்சம் கருமை ஏறுகிறது, ஈரம் தங்குகிறது, மழை மணலிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே இறக்குகிறது. சுமார் நூறு ஆண்டுகள் கழித்து கருப்பு ஓக். படியில் ஏறும்போது தகித்த மணல், ஓக் நிழலுக்குள் நுழைந்ததும் காலுக்குக் குளிர்ந்து, அலைச்சத்தம் அடங்கி, மண் வாசனையே மாறிவிடும். அந்த மாற்றத்தை உடம்பால் உணர்வதற்காகவே இந்த ட்ரெயிலை நடக்கலாம்.

ஓக்குக்குப் பிறகு பீச், மேப்பிள் மரக்காடு வந்து முடியும் என்று கௌல்ஸ் எண்ணினார். 1958-இல் ஜெர்ரி ஓல்சன் என்ற சூழலியலாளர் இதே மேடுகளில் மண்ணைச் சோதித்து, ஏறத்தாழ 12,000 ஆண்டுகள் வயதான பழைய மேடுகளிலும் கருப்பு ஓக்தான் நிற்கிறது என்று காட்டினார். அலசி அலசிச் சத்துப் போன மணலில் மேப்பிளால் காலூன்ற முடியவில்லை. ஆக எல்லாப் பாதையும் ஒரே காட்டில் போய் முடிவதில்லை.

ஏரியின் மட்டமும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. பனியுகம் முடிந்த காலத்தில் அது இப்போதையதைவிட 60 அடி உயரத்தில் இருந்து, படிப்படியாக இறங்கியது. நின்ற இடத்திலெல்லாம் ஒரு வரிசை மேட்டை விட்டுப் போனது. இன்றும் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குகிறது, 1986-இன் உச்சத்துக்கும் 2013 ஜனவரியின் தாழ்வுக்கும் இடையே ஆறடிக்கு மேல் வித்தியாசம். சில இடங்களில் காற்று மணலைத் தோண்டிக்கொண்டே போய் நிலத்தடி நீரைத் தொட்டதும் நின்றுவிடும், ஈர மணலைக் காற்றால் தூக்க முடியாது. அப்படிப்பட்ட தாழ்விடங்களில் தேங்கும் குட்டைகளில் ஆர்க்கிட்களும் பூச்சி பிடிக்கும் செடிகளும் வளர்கின்றன. பத்தடி மேலே போனால் காய்ந்த சரிவில் சப்பாத்திக்கள்ளி! 1,100-க்கு மேற்பட்ட தாவர வகைகள் இந்தச் சின்னப் பூங்காவில் இருப்பதற்குக் காரணம் இந்த நெருக்கம்தான்.

இப்போது அந்த மரப்படிகளின் விஷயம். "ஏன் பலகை போட்டு வைத்திருக்கிறார்கள், மணலில் ஓடி ஏறினால் என்ன?" என்று எங்களோடு வந்த அண்ணன் மகன் கேட்டான். மணலுக்கடியில் ஓடும் தண்டு மாரம் புல்லின் உயிர்நாடி. புயலைத் தாங்கும், செருப்புக்காலைத் தாங்காது. ஒரே தடத்தில் பலபேர் நடந்தால் தண்டு நொறுங்கி, அங்கே ஒரு மொட்டைத் திட்டு விழும். காற்று அந்த வாயில் நுழைந்து குடைந்து பெரிய குழியாக்கிவிடும். பக்கத்திலேயே இருக்கும் இண்டியானா மாநில அரசின் பூங்காவில் பிக் ப்ளோஅவுட் என்ற பெரும் பள்ளம் இருக்கிறது, அங்கே முன்பொரு காலம் புதைந்துபோன காட்டின் மரங்கள், மணல் விலகியபின் எலும்பு போல வெளுத்து நிற்கின்றன. இயற்கையாகவும் இப்படிக் குழி விழும், ஆனால் மனிதக் கால் அதை அவசரப்படுத்துகிறது. மனிதக் கையோ இன்னும் மோசம். மிச்சிகன் சிட்டியில் ஹூசியர் ஸ்லைட் என்று சுமார் 200 அடி உயர மேடு ஒன்று இருந்தது. கண்ணாடி ஜாடி செய்யவும் நிரப்பு மண்ணுக்கும் ரயில் பெட்டி ரயில் பெட்டியாக மணலை அள்ளி, 1920 வாக்கில் தரைமட்டமாக்கிவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது மின் நிலையம் நிற்கிறது. நினைத்தால் வயிறு எரிகிறது.

அந்த ஊரை ஒட்டியே மவுண்ட் பால்டி, 126 அடி. துறைமுகச் சுவர்கள் கரையோர மணல் வரத்தை மறித்தன, தலைமுறை தலைமுறையாக மக்கள் ஏறிச் சறுக்கியதில் புல்லும் போனது. அவிழ்த்துவிட்டது போல அந்த மேடு ஆண்டுக்குச் சுமார் 4 அடி உள்நோக்கி நகர்ந்து, பின்னாலுள்ள ஓக் காட்டை விழுங்கிக்கொண்டிருக்கிறது. 2013 ஜூலையில் அங்கே நடந்துகொண்டிருந்த ஆறு வயதுப் பையன் ஒருவன் திடீரென மணலுக்குள் மறைந்தான். மூன்று மணி நேரத்துக்கு மேல் தோண்டி, சுமார் 11 அடி ஆழத்திலிருந்து உயிரோடு எடுத்தார்கள். பிறகு ஆய்வு செய்தபோதுதான் தெரிந்தது. முன்பு புதைந்த ஓக் மரங்களைப் பூஞ்சை உள்ளேயே தின்று தீர்த்திருந்தது. மரத்தைச் சுற்றியிருந்த மணல் சுண்ணாம்பால் இறுகி ஒரு குழாய் போல நின்றுவிட்டது. மரம் போனபின் மரத்தின் வடிவத்தில் ஒரு வெற்றிடம், அதன் வாயை மூடி மெல்லிய மணல். இதற்கு முன் யாரும் மணல் மேட்டில் இப்படி ஒன்றை எதிர்பார்க்கவில்லை. இன்றும் உச்சிக்கு வனக்காவலர் துணையோடுதான் போகலாம்.

பின்பக்கம் போய் நின்றால் மேட்டின் சரிவு நேராகக் காட்டுக்குள் இறங்குவது தெரியும். மணல் தானாகச் சரியாமல் நிற்கக்கூடிய அதிகபட்சச் சாய்வு, 33, 34 டிகிரி. அடிவாரத்தில் ஓக் மரங்கள் இடுப்பளவு, கழுத்தளவு மணலில். நான் பார்த்த ஒரு மரத்தில் மேலே நாலு கிளைகள்தான் மிச்சம், அவற்றில் இலை பச்சையாகவே இருந்தது.