ஈரிழைத் துண்டு ஏன் விடிவதற்குள் காய்ந்துவிடுகிறது?

பெரம்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “கும்பகோணத்தில் அக்காள் மகள் கல்யாணம். வெள்ளி இரவு எழும்பூரில் ரயில் ஏறி, ஞாயிறு இரவு திரும்புகிறோம். இரண்டு நாளுக்கு மூன்று பை கட்டியாகிவிட்டது. ஒரு பை முழுக்கப் பூத்துவாலை (டர்க்கி டவல்). ஆளுக்கு ஒன்று போதாதா என்றால், நேற்றைய ஈரத் துவாலையை எப்படித் தொடுவது என்கிறார் மனைவி. இதற்கு அறிவியலில் வழி உண்டா, ஐயா?”

உண்டு. கைத்தறிக் கடையில் மடித்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஈரிழைத் துண்டு என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். இரண்டு இழைகளைச் சேர்த்து ஒன்றாக வைத்து நெய்வதால் அந்தப் பெயர். நம் தாத்தாக்கள் இதைத் தோளில் போட்டுக்கொண்டே காசிவரை போய் வந்தார்கள்.

சமையலறைத் தராசில் இரண்டையும் நிறுத்துப் பார்த்தேன். என் துண்டு 140 கிராம், பூத்துவாலை 480 கிராம். இரண்டின் நீள அகலமும் ஏறக்குறைய ஒன்றுதான். நன்றாக நனைத்து, கை வலிக்கப் பிழிந்து மறுபடி நிறுத்தால் துண்டு 290, துவாலை சரியாக ஒரு கிலோ. அதாவது துண்டில் 150 கிராம் தண்ணீர், துவாலையில் 520. பருத்தியை எவ்வளவு முறுக்கினாலும் ஏறக்குறைய தன் எடை அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

நீர் ஆவியாகும் கதை எல்லோருக்கும் பள்ளியிலேயே தெரியும். அதிகம் சொல்லப்படாத ஒன்று மட்டும் இங்கே தேவை. ஈரத் துணி காய்வதில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகள் விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதைப்போல உள்ளிருக்கும் நீரை மேற்பரப்புக்கு இழுத்துக்கொண்டே இருக்கின்றன. மேலே ஆவியாகப் போவதை உடனுக்குடன் ஈடுகட்டிவிடுகின்றன. அதனால் துணியின் மேற்பரப்பு ஒரு சின்னக் குளத்தைப்போல நடந்துகொள்கிறது. குளம் ஆழமா, ஆழமில்லையா என்பது காற்றுக்குத் தெரியாது. ஒரு மணி நேரத்தில் அது எடுத்துப்போவது பரப்பைப் பொறுத்த ஒரே அளவுதான். துண்டு ஆழமில்லாத குட்டை, துவாலை ஆழமான குளம். பரப்பு ஒன்று, தண்ணீர் மூன்றரை மடங்கு, ஆகவே நேரமும் மூன்றரை மடங்கு. இரண்டாம் கட்டத்தில் நூலுக்குள் ஒட்டியிருக்கும் மிச்சம் மெல்ல மெல்ல வெளியேறும். அது முழுவதும் போவதே இல்லை. காய்ந்துவிட்டது என்று மடித்து வைக்கும் என் துண்டிலும் சுமார் பத்து கிராம் தண்ணீர் இருக்கிறது. பருத்தி இழையின் மூலப்பொருளான செல்லுலோஸ் அதை விடாது. பாலியெஸ்டர் துணியானால் ஒரு கிராம்கூடத் தேறாது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. ஈரத் துணி தானே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஆவியாகும் ஒவ்வொரு கிராம் நீரும் சுமார் 580 கலோரி வெப்பத்தைத் துணியிடமிருந்தே எடுத்துப்போகிறது. துணி சில்லென்று ஆகிவிடுகிறது. கொடியில் தொங்கும் ஈர வேட்டியில் கன்னத்தை வைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நுங்கம்பாக்கம் வானிலை மையம் போன்ற இடங்களில் வெள்ளை மரப்பெட்டிக்குள் ஒரு வெப்பமானியின் குமிழில் ஈர மஸ்லின் துணியைச் சுற்றி வைப்பதும் இதை அளக்கத்தான். உலர்ந்த வெப்பமானிக்கும் அதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்துக் காற்றின் ஈரப்பதத்தைக் கணக்கிட்டுவிடுவார்கள்.

சென்னையில் ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். வெப்பம் 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். ஒரு கன மீட்டர் காற்றில் ஏற்கெனவே ஏறக்குறைய 22 கிராம் நீராவி இருக்கிறது. 27 கிராம்வரை அது தாங்கும். துணியும் 28 டிகிரியிலேயே இருந்தால், அதை ஒட்டிய காற்றுக்கும் அறைக் காற்றுக்கும் ஐந்து கிராமுக்கு மேல் வித்தியாசம் இருக்கும். நீராவி சுறுசுறுப்பாக வெளியேறும். ஆனால் துணி 25 டிகிரி அளவுக்குக் குளிர்ந்துவிடுவதால் அதை ஒட்டிய காற்று 23 கிராம் சொச்சத்துக்குமேல் தாங்காது. வித்தியாசம் ஒன்றரை கிராமாகச் சுருங்கிவிடுகிறது. மயிலாப்பூரில் ஐப்பசி மாதத்தில் உள்ளாடை மூன்று நாள் காயாமல் படுத்தும் தொல்லை முழுவதும் இந்த ஒன்றரை கிராமுக்குள் அடங்கியிருக்கிறது.

மின்விசிறி ஏன் உதவுகிறது என்பதும் இப்போது விளங்கும். ஈரக்காற்றை அப்பால் தள்ளுகிறது என்பது பாதிக் கதைதான். குளிர்ந்துபோன துணிக்கு அறையின் வெப்பத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதும் அதே காற்றுதான். எந்தத் துணியையும் ஒட்டிச் சில மில்லிமீட்டர் தடிமனுக்கு அசையாத காற்றுப்படலம் ஒன்று இருக்கும். விசிறி அதை மெலிதாக்குகிறது. பூத்துவாலையின் பூ இருக்கிறதே, அந்த நூல் வளையங்கள், அவற்றால் பரப்பு கூடுகிறது, சீக்கிரம் காய வேண்டும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். வளையங்கள் அசையாக் காற்றுக்குள்ளேயே புதைந்து கிடக்கின்றன. அந்தக் கூடுதல் பரப்பு உடம்பைத் துடைக்கும்போது உதவும், காயும்போது உதவாது. ஈரிழைத் துண்டிலோ வளையமே இல்லை. வெளிச்சத்தில் பிடித்தால் எதிரில் இருப்பவர் முகம் தெரிகிற அளவுக்கு இடைவெளி இருக்கிறது. விசிறிக் காற்று ஊடாகவே புகுந்து போகிறது.

இன்னொரு கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, உயரம் பத்து அடி என்றால் உள்ளே சுமார் 34 கன மீட்டர் காற்று. கதவையும் ஜன்னலையும் அடைத்தால், மேலே சொன்ன இரவில் அந்த அறை முழுவதும் சேர்ந்து 180 கிராம் நீராவியைத்தான் கூடுதலாக ஏற்கும். துண்டின் 150 கிராம் அதில் அடங்கும், கடைசியில் கொஞ்சம் இழுத்தடித்தாலும். துவாலையின் 520 கிராம் அடங்காது. எத்தனை விசிறி போட்டாலும் அடங்காது. ஏசி அறை குளிராக இருந்தும் துணி காய்வதன் ரகசியமும் இதில்தான் இருக்கிறது. ஏசி காற்றைக் குளிரவைப்பதோடு பிழிந்தும் விடுகிறது. வெளிச்சுவரில் குழாய் வழியாகச் சொட்டுவது அறைக் காற்றில் இருந்த தண்ணீர்தான், அதில் உங்கள் துண்டின் பங்கும் உண்டு.

மனைவியார் முகம் சுளிப்பதிலும் நியாயம் இருக்கிறது. அரைகுறையாகக் காய்ந்த துணியின் முடைநாற்றத்துக்கு மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா முக்கியக் காரணம் என்று 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். துவைத்த பிறகும் துணியில் தங்கியிருந்து, ஈரம் நீடிக்க நீடிக்கப் பெருகுகிறது. சென்ற மழைக்காலத்தில் ஒரு விடுதி அறையில் என் பூத்துவாலையை முகர்ந்து பார்த்த அன்றுதான் நான் ஈரிழைக்கு மாறினேன்.

“இரவில் துணியை வெளியே காயப்போட்டால் காத்து கருப்பு அண்டும்” என்பார்கள் சில வீடுகளில். தெளிந்த வானம் உள்ள மார்கழி இரவில் மொட்டை மாடித் துணி தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து சுற்றுக்காற்றைவிடக் குளிர்ந்துவிடும், அதன்மேல் பனி படியும், காலையில் துணி நேற்றையதைவிட ஈரமாக இருக்கும். உண்மைதான். அதற்காக “முன்னோர்கள் அன்றே அறிந்திருந்தார்கள்” என்று யாரும் எனக்குச் செய்தி அனுப்ப வேண்டாம். பனியைப் பற்றிச் சொல்ல வந்தவர்கள் பனி என்றே சொல்லியிருக்கலாம், பேயை இழுத்திருக்க வேண்டியதில்லை. என் மனக்குறை வேறு. 1956 முதல் கோவையில் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம் நடக்கும் மாநிலம் இது. கைத்தறி என்றாலே கண்காட்சிக்கும் சால்வைக்கும் பணம் ஒதுக்கத் தோன்றுகிற நமக்கு, இந்தத் துண்டில் எத்தனை இழை, எவ்வளவு இடைவெளி இருந்தால் கடலோர ஈரத்தில் மிக வேகமாகக் காயும் என்று நான்கு மாணவர்களை உட்காரவைத்து அளக்கத் தோன்ற வேண்டாமா? செலவு ஒரு பட்டுப்புடவை விலையைத் தாண்டாது.

பெரம்பூர் நண்பரே, ஆளுக்கு ஒரு துண்டு போதும். கல்யாணப் பட்டு தவிர, மாற்றுச் சட்டையிலும் ஒன்றைக் குறைக்கலாம். இரவில் சட்டையை அலசி, காய்ந்த துண்டுக்குள் வைத்துப் பாய்போலச் சுருட்டி இரண்டு பேர் இரு முனையிலும் பிடித்து முறுக்குங்கள். சட்டையின் நீரில் ஒரு பங்கைத் துண்டு உறிஞ்சிக்கொள்ளும். பிறகு துண்டைத் தனியாகப் பிழியுங்கள். மண்டபத்து அறையில் கொடி இருக்காது. குளியலறைக் கதவில் மாட்டாதீர்கள், அங்கே காற்றில் ஈரம் ஏற்கெனவே நிறைந்துவிட்டது. விசிறிக்கு நேர் கீழே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எட்ட வைத்து, மடிக்காமல் ஒற்றையாக விரித்துவிடுங்கள். ஏசி இல்லையென்றால் ஜன்னல் ஒரு சாணாவது திறந்திருக்கட்டும். முகூர்த்தம் ஆறு மணிக்கு என்றாலும் அதற்குள் காய்ந்திருக்கும்.