ரம் கப்கேக்: ஓவனுக்குள் போன சாராயம் எங்கே போகிறது?

"ஓவன்ல வெச்சா எல்லாம் பறந்துடும், குழந்தைங்களுக்கும் தாராளமா கொடுக்கலாம்." கிறிஸ்துமஸ் நெருங்கினால் கிருஷ்ணகிரி மாவட்டத்து எலத்தகிரி வீடுகளிலிருந்து ஓசூர் அடுக்குமாடிகள் வரை இதைச் சொல்ல ஓர் ஆள் இருப்பார். பறப்பது உண்மைதான். எல்லாமே பறந்துவிடுகிறது என்பதுதான் பொய்.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் 78 என்கிற எண். எத்தனால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், ஓவனின் சூடோ 170, அப்புறம் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போடுகிறோம். இதில் இரண்டு இடத்தில் கணக்கு தப்புகிறது. ஒன்று, 78 என்பது தனி எத்தனாலுக்கு. கேக் மாவில் அது பால், முட்டை, வெண்ணெயில் இருக்கும் தண்ணீரோடு கலந்து கிடக்கிறது. தண்ணீரில் 15 சதவீதம் எத்தனால் என்ற அளவில் இருந்தால் அந்தக் கலவை கொதிப்பது 90 டிகிரியை ஒட்டித்தான். கொதித்தாலும் எத்தனால் மட்டும் தனியாகக் கிளம்பாது, தண்ணீரையும் கூட்டிக்கொண்டுதான் போகும். போகப்போக மிச்சத்தில் எத்தனால் குறைந்து, கொதிநிலை இன்னும் ஏறும். இரண்டாவது, 170 என்பது ஓவன் காற்றின் சூடு. கப்கேக்கின் நடுப்பகுதி கடைசி நிமிடத்தில்கூட 100 டிகிரியைத் தொடாது. அதற்குள் மேலே தோல் இறுகி, உள்ளே மாவும் கெட்டிப்பட்டிருக்கும்.

அமெரிக்க வேளாண்துறையின் உணவுச் சத்து அட்டவணை இதற்கு எண்கள் தருகிறது. மதுவைக் கலந்து 15 நிமிடம் வேகவைத்தால் 40 சதவீத ஆல்கஹால் மிஞ்சுகிறது. 30 நிமிடத்தில் 35, ஒரு மணி நேரத்தில் 25. இரண்டரை மணி நேரம் வேகவைத்தாலும் 5 சதவீதம் உட்கார்ந்திருக்கிறது. பெரிய பிளம் கேக் ஒன்றரை மணி நேரம் வேகும். கப்கேக்குக்கு 20 நிமிடம்தான். ஆக, ரம் விஷயத்தில் பெரிய கேக்கைவிடச் சின்ன கப்கேக்தான் அதிகம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

12 கப்கேக்குக்கு அளவு இது. மைதா 150 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், வெண்ணெய் 110 கிராம், நாட்டுச் சர்க்கரை 120 கிராம், முட்டை 2, பால் 60 மில்லி, பட்டைத்தூள் அரை டீஸ்பூன், சுக்குத்தூள் அரை டீஸ்பூன், கிராம்புத்தூள் ஒரு சிட்டிகை. உலர்பழங்கள் 150 கிராம்: கருப்பு திராட்சை, கிஸ்மிஸ், கொட்டை நீக்கிய பேரீச்சை. அவற்றை ஊறவைக்க 90 மில்லி டார்க் ரம். 180 மில்லி குவார்ட்டரில் சரிபாதி, கடைப் பாஷையில் ஒரு கட்டிங். இங்கே கிடைக்கும் ரம் 42.8 சதவீதம். வெள்ளை ரம்மோ வோட்காவோ வேண்டாம். லேசான மணங்கள் ஓவனில் முதலில் போய்விடும். டார்க் ரம்மில் பீப்பாயும் கருகிய சர்க்கரையும் தந்த கனமான மணங்கள்தான் கடைசிவரை நிற்கின்றன. பிராந்தி பரவாயில்லை. வீட்டுத் திராட்சை ஒயின் என்றால் அதில் பெரும்பங்கு தண்ணீர், எனவே அதற்கேற்பப் பாலைக் குறைக்க வேண்டும்.

பழத்தைப் பட்டாணி அளவுக்கு நறுக்கி, ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் ரம் ஊற்றி, இறுக மூடி குறைந்தது ஒரு நாள் வையுங்கள். ஒரு வாரம் என்றால் இன்னும் நல்லது. உலர்திராட்சைக்குள் சர்க்கரை அடர்த்தி அதிகம், அதனால் வெளியே இருக்கும் திரவத்தை அது உள்ளே இழுக்கிறது. தண்ணீரில் ஊறினாலும் பழம் உப்பத்தான் செய்யும். ஆனால் தோலிலும் சதையிலும் உள்ள பல மணப்பொருள்கள் தண்ணீரில் சரியாகக் கரையாது, எத்தனாலில் கரையும். வெனிலா எசன்ஸை ஆல்கஹாலில் கரைத்து விற்பதும் இதனால்தான். ஆகவே ஊறும்போது ரம் பழத்துக்குள் போவது பாதி வேலை, பழத்தின் மணம் ரம்முக்குள் வருவது மறுபாதி. இரண்டு நாள் கழித்து மூடியைத் திறந்தால் தெரியும்: திரவம் பாகு மாதிரி கெட்டியாக, கருஞ்சிவப்பாக, பாட்டில் சுவரில் மெதுவாக வழியும். திராட்சையின் சுருக்கமெல்லாம் போய்த் தோல் இழுத்துக் கட்டினாற்போல் பளபளக்கும்.

பெரும்பாலும் தவறு நடப்பது சிக்கனத்தில். ரம்மைப் பாதியாக்கி, மீதிக்கு ஆரஞ்சு ஜூஸ் ஊற்றுவார்கள். 42.8 அங்கேயே 21 ஆகிவிடும், பழத்தின் ஈரமும் சேர்ந்தால் இன்னும் இறங்கும். அந்த வலிமையில் ஈஸ்ட்டை அடக்கி வைக்க முடியும் என்று நம்பி வாரக்கணக்கில் வெளியே வைப்பது சரியல்ல. ஜூஸ் கலந்தால் ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு மூன்று நாளில் செலவழித்துவிட வேண்டும். திறக்கும்போது நுரைத்து, புளித்த வாடை அடித்தால் அது கேக்குக்கான பழம் இல்லை. இந்தப் பக்க மலையடிவாரங்களில் போலீஸ் தேடி அழிக்கும் அந்த இன்னொரு ஊறல்.

இனி கலவை. வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுத்து வரும்வரை அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ரம்மை முட்டைமேல் நேரடியாக ஊற்றக் கூடாது. ஆல்கஹால், சூடுபோலவே, முட்டைப் புரதத்தைத் திரட்டிவிடும். வெள்ளைத் திரிகள் மிதந்தால் திரும்ப அடித்தாலும் கரையாது. பழத்தை வடித்து, வடிந்த ரம்மைப் பாலோடு சேர்த்து, மைதாவும் திரவமுமாக மாற்றி மாற்றி இரண்டு மூன்று தவணையில் சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை. பால் லேசாகத் திரிந்த மாதிரி தெரிந்தால் பயப்பட வேண்டாம், மாவில் சேர்ந்ததும் மறைந்துவிடும்.

மைதாவுக்கும் ஆல்கஹாலுக்கும் ஒரு தனி உறவு உண்டு. மைதாவில் தண்ணீர் பட்டதும் கிளையடின், குளூட்டெனின் என்ற இரண்டு புரதங்கள் பின்னிக்கொண்டு குளூட்டன் வலையாகின்றன. பரோட்டா மாவு ஜவ்வாக இழுபடுவது இந்த வலையால்தான். இதில் கிளையடின் 70 சதவீத ஆல்கஹாலில் கரைந்துவிடக்கூடியது. கப்கேக் மாவில் அந்த வலிமை கிடையாது, ஆனாலும் இருக்கிற அளவே வலை பின்னுவதைத் தாமதமாக்கும். 90 மில்லி வரை அது நன்மை: கேக் மெத்தென்று வரும். அதே 150 கிராம் மைதாவில் 150 மில்லி ஊற்றினால் பேப்பர் கப்பைப் பிரிக்கும்போதே உதிரும். மணம் போதவில்லை என்று மாவில் ரம்மைக் கூட்டுவதால் பயனில்லை. கூட்ட வேண்டிய இடம் வேறு, கீழே வருகிறது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் கேழ்வரகு மாவுக்குப் பஞ்சமில்லை. அதன் கருநிறமும் வறுத்த வாசமும் ரம்முக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் கேழ்வரகில் குளூட்டன் கிடையாது. ஒரு பக்கம் ரம் வலையைத் தளர்த்த, இன்னொரு பக்கம் வலைக்கான பொருளே குறைந்தால், கேக்கைத் தாங்க முட்டை மட்டும்தான் மிச்சம். 150 கிராமில் 35 கிராம் வரை கேழ்வரகு போடலாம். மாவை முதலில் வெறும் சட்டியில் வாசம் வர வறுத்து, ஆறவைத்துச் சலிப்பது முக்கியம்.

ஓசூர்க்காரர்கள் பேக்கிங் பவுடரில் கை வைக்க வேண்டும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், தர்மபுரி அதில் பாதி. 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்குவதால் ஓசூரில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். காற்றழுத்தம் குறைவு என்பதால் மாவுக்குள் உண்டாகும் குமிழிகளும் கூடுதலாக உப்பும். போதாக்குறைக்கு எத்தனால் ஆவி வேறு. மாவு கெட்டிப்படுவதற்கு முன்பே எல்லாம் சேர்ந்து தூக்கிவிட்டால், மேலே குன்றுபோல் எழுந்து, வெளியே எடுத்ததும் நடுவில் குழி விழும். ஓசூரிலும் தளியிலும் ஒன்றரை டீஸ்பூனை ஒன்றேகாலாகக் குறையுங்கள். தர்மபுரியில் அப்படியே இருக்கலாம்.

பழம் அடியில் போய் உட்காராமல் இருக்க மைதாவில் புரட்டிப் போடச் சொல்வது வழக்கம். அதில் கிடைக்கும் பலன் கொஞ்சம்தான். நன்றாக வடித்து, சின்னதாக நறுக்கி, மாவைக் கரண்டியிலிருந்து சொத்தென்று விழும் பதத்தில் வைத்தாலே பழம் இறங்காது. தோசை மாவுப் பதத்தில் கரைத்துவிட்டு எத்தனை மைதா தூவினாலும் பழம் அடிக்குத்தான் போகும்.

பேப்பர் கப்பில் முக்கால் பாகம் நிரப்பி, முன்பே சூடேற்றிய ஓவனில் 170 டிகிரியில் 20 முதல் 22 நிமிடம். முதல் 15 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். அதற்குப் பிறகு திறந்தாலும் முகத்தைக் கொண்டுபோய் வைக்க வேண்டாம், வெளிவருவதில் எத்தனால் ஆவியும் உண்டு. குச்சியில் குத்திப் பார்ப்பது இந்தக் கேக்கில் ஏமாற்றும். பழத்தின் பாகு ஒட்டி ஈரமாகவே வரும், வேகவில்லை என்று இன்னும் பத்து நிமிடம் விட்டால் ஓரம் காய்ந்துவிடும். விரலால் மேலே அழுத்தினால் பள்ளம் எழும்பி வர வேண்டும், அதுதான் பதம்.

ஓவன் இல்லாமல் குக்கரில் சுடுபவர்கள் ரப்பரையும் வெயிட்டையும் கழற்றிவிடுவது தெரிந்ததுதான். ஆனால் ரம் மாவைக் குக்கரில் வைத்தால், மூடித் துளையிலிருந்து வரும் ஆவிக்கு அடுப்புத் தீ பக்கத்திலேயே இருக்கிறது. குக்கரில் சுடுவதானால் மாவில் ரம் வேண்டாம், சுட்டு இறக்கிய பிறகு தடவிக்கொள்ளலாம். பொதுவாகவே எரியும் அடுப்புக்குப் பக்கத்தில் ரம் பாட்டிலைத் திறக்கக் கூடாது. 40 சதவீத மது 26 டிகிரி வாக்கிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். டிசம்பரிலும் தர்மபுரி மதியத்துக்கு அந்தச் சூடு உண்டு.

மணம் கூட்ட வேண்டிய இடம் இதுதான்: ஓவனுக்குப் பிறகு. 30 கிராம் சர்க்கரையை 30 மில்லி தண்ணீரில் ஒரு கொதி விட்டு, அடுப்பை அணைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறிய பின் 30 மில்லி ரம் சேருங்கள். ஏறக்குறைய 75 மில்லி சிரப் வரும். கொதிக்கும் பாகில் ஊற்றினால் முதல் நொடியே வீடெல்லாம் மணக்கும். அப்படி வீட்டில் மணந்தது கேக்கில் இருக்காது. வெதுவெதுப்பான கேக்கில் பல்குச்சியால் ஆறேழு துளையிட்டு, ஒன்றுக்கு ஒரு டீஸ்பூன் வீதம் தடவ வேண்டும். கேக்கும் சிரப்பும் இரண்டுமே சூடாக இருந்தால் மேல்பகுதி களியாகிவிடும்.

பட்டர் கிரீம் வேண்டுமென்றால் 100 கிராம் வெண்ணெய், 200 கிராம் ஐசிங் சுகர், 30 மில்லி ரம். ரம்மை ஒரேயடியாகக் கொட்டினால் திரிந்து தண்ணீர் பிரியும். ஒவ்வொரு டீஸ்பூனாகச் சேர்த்து அடிக்க வேண்டும். பிரிந்துவிட்டால் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து மறுபடி அடித்தால் சேர்ந்துவிடும்.

இப்போது கணக்கு. பழத்தோடு ஓவனுக்குள் போன 90 மில்லி ரம்மில் ஏறக்குறைய 30 கிராம் எத்தனால். 40 சதவீதம் மிஞ்சுகிறது என்று வைத்தால் 12 கிராம், கப்கேக்குக்கு ஒரு கிராம். ஒரு டீஸ்பூன் சிரப்பில் 0.7 கிராம். கிரீமில் 0.8 கிராம். இவை சூடு காணாதவை, அநேகமாக அப்படியே இருக்கும். ஓவனுக்குள் 90 மில்லி ஊற்றி நின்றது ஒரு கிராம். வெளியே 54 மில்லி (தடவிய சிரப்பில் 24, கிரீமில் 30) ஊற்றிச் சேர்ந்தது ஒன்றரை கிராம். மொத்தம் இரண்டரை. நான்கு கப்கேக் தின்றவர் 30 மில்லி ஸ்மால் ஒன்று போட்டவருக்குச் சமம். நான்கு தின்பது பெரிய காரியமில்லை என்பது பண்டிகை வீட்டில் தட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

குழந்தைகள், கர்ப்பிணிகள், வண்டி ஓட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியவர்கள், மார்க்கமாகவோ மனதாலோ மதுவை ஒதுக்கியவர்கள் எல்லோருக்கும் இது சொல்லிவிட்டுத் தர வேண்டிய பண்டம். முக்கியமாக, குடியை நிறுத்த டைசல்ஃபிராம் மாத்திரை எடுப்பவருக்கு உணவில் இருக்கும் சிறிதளவு ஆல்கஹாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரை கொண்டுபோகும். விருந்தில் யார் அந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. எனவே எது ரம் கேக் என்று எல்லோருக்கும் தெரியும்படி வைப்பதுதான் ஒரே வழி.

அவர்களுக்கென்று அரைப் பங்கு தனியாகச் சுடலாம். பழத்தை நாட்டுச் சர்க்கரை போட்ட கெட்டி டீ டிகாஷனில் ஓர் இரவு ஃபிரிட்ஜில் ஊறவைத்தால் நிறமும் லேசான துவர்ப்பும் கிடைக்கும். ரம் கரும்பு மொலாசஸில் பிறந்தது என்பதால் நாட்டுச் சர்க்கரையின் மணம் அதற்கு வெகு தூரத்துச் சொந்தமும் இல்லை. இந்தப் பங்கை முதலில் சுட்டு, வேறு நிறப் பேப்பர் கப்பில், வேறு தட்டில் எடுத்து வையுங்கள். ரம் சிரப் தொட்ட பிரஷ் அந்தத் தட்டுப் பக்கம் போக வேண்டாம்.